யானைக்கு யார் வீட்டைக் கொடுப்பது?

தேயிலைத் தோட்டத்தில் பீல்டு ஆபீசராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

முதலில் ஒரு நல்ல செய்தி. கொழுந்து எடுப்பது, கவாத்து, மருந்தடிப்பு எதைப் பற்றியும் நான் பேசப்போவதில்லை. அதற்கெல்லாம் கையேடு இருக்கிறது. அது உங்கள் செல்போனிலேயே இருக்கிறது. அதை நீங்கள் திறந்து பார்க்கப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

கையேட்டில் இல்லாத ஒன்றைத்தான் சொல்ல வருகிறேன். இந்த வேலையில் ஒரு நாள் வரும். யாராவது ஒருவருக்குக் கெடுதல் செய்தால் மற்ற எல்லோரும் தப்பிக்கலாம் என்று நிலைமை முற்றிப்போயிருக்கும். அந்த ஒருவர் யார் என்று நீங்கள் சொல்ல வேண்டும் என்று கூட்டம் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். எனக்கு அந்த நாள் சாந்தன்பாறைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வந்தது. நான்கு காலில் வந்தது.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. சொந்த ஊர் சித்தூர் பக்கம், பாலக்காட்டின் கிழக்குக் கோடி. நெல்லும் தென்னையும் வைத்திருக்கும் குடும்பம். வேலைக்கு வரும்வரை தேயிலையை டம்ளரில் மட்டுமே பார்த்திருந்தேன். நான் பேசும் ‘ஏனுங்க’வைக் கேட்டுத் தோட்டத்தார் எனக்கு ‘ஏனுங்க சார்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஐம்பத்திரண்டு வயதில் விருப்ப ஓய்வு பெற்றேன். விருப்பம் என்னுடையது அல்ல, என் முழங்காலுடையது.

இடுக்கி மழையில் மாலைப் பொழுதுகளை என்ன செய்வதென்று தெரியாமல் தபால் வழியில் தத்துவம் எம்.ஏ. படித்தேன். அதில் என்னைப் பிடித்துக்கொண்டது பயன்வாதம். விஷயம் எளிது. ஒரு செயலால் எத்தனை பேருக்கு எவ்வளவு நன்மை, எத்தனை பேருக்கு எவ்வளவு துன்பம் என்று கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும். எந்த வழியில் மிச்சம் அதிகமோ அதுவே தருமம். முதலாளி என்றாலும் ஒரு தலை, கொழுந்துக்காரி என்றாலும் ஒரு தலை. இதைக் கேலி செய்யாதீர்கள். ஒரு கோடையில் மேனேஜர் பங்களாவின் ரோஜாச் செடிகளுக்குப் போன தண்ணீரைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குத் திருப்பிவிடும் தைரியத்தை எனக்குக் கொடுத்தது இந்தக் கணக்குதான். ரோஜாக்கள் காய்ந்தன. மேனேஜரின் மனைவி என்னோடு பேசுவதை நிறுத்தினார். இரண்டையுமே நான் நன்மைப் பக்கம் எழுதிக்கொண்டேன்.

இந்தக் கணக்கை ஏற்காத ஒரே ஆள் எங்கள் தோட்டத்து மருந்தகத்தின் நர்ஸ். மார்த்தாண்டத்துக்காரர், என் வயதுதான். எல்லோரும் சிஸ்டர் என்று கூப்பிடுவோம். இங்கேயும் அப்படியே கூப்பிடுகிறேன், பெயரைப் போட்டால் திட்டுவார். ஞாயிறு தவறாமல் வேதக்கோயிலுக்குப் போகிறவர் என்றாலும் யாருக்கும் பிரசங்கம் செய்யமாட்டார். ஊசி போடும்போது மட்டும் ஆண்டவர் பெயரைச் சொல்வார். அப்போது நோயாளிகளும், எந்த மதமானாலும், கூடவே சொல்வார்கள்.

மருந்தகத்து வராந்தாவில் பால் விடாத கட்டன்சாயா குடித்துக்கொண்டு நாங்கள் வருடக்கணக்காக வாதாடியிருக்கிறோம். அவர் தரப்பு இதுதான்: ஒவ்வொரு மனிதரிலும் கடவுளின் சாயல் இருக்கிறது, அதை இன்னொன்றோடு நிறுத்துப் பார்க்க முடியாது, நல்லது விளையும் என்பதற்காகக் கெட்டதைச் செய்யக்கூடாது. “கெட்டதுன்னு யார் சொல்றதுங்க? விளைவுதானுங்களே சொல்லோணும்?” என்பேன். “விளைவு வாறதுக்குள்ள நீங்க அந்தக் காரியத்தைச் செஞ்ச ஆளா ஆயிருவிய சார். அத எந்தக் கணக்குல எழுதுவிய?” என்பார். சாயா ஆறிவிடும். யாரும் ஜெயித்ததில்லை.

பிறகு யானை வந்தது.

தோட்டத்தின் நடுவே நாற்பது வீடுகள் கொண்ட லயம். அதன் நடுவே ரேஷன் கடை. அரிசி வாசனைக்கு வந்து பழகிய ஒற்றை யானை. பயமும் பக்தியும் கலந்து எங்கள் ஆட்கள் அதைப் ‘பெரியவர்’ என்பார்கள். அந்த மழைக்காலத்தில் பெரியவர் மூன்றாவது தடவை கடையை உடைத்தபோது பக்கத்து வீட்டுச் சுவரும் சேர்ந்து விழுந்தது. சுவர் விழுந்தது கட்டிலின் மேல். அந்தக் கட்டிலில் தூங்க வேண்டிய குழந்தை, பால் கேட்டு அழுததால் தாயோடு அடுப்படியில் இருந்தது. அந்த அழுகைதான் அதைக் காப்பாற்றியது.

மறுநாள் காலை யாரும் கொழுந்துக்குப் போகவில்லை. ஓணத்து அரிசி லாரி அடுத்த நாள் வரவேண்டும். வழக்கமான அரிசியோடு சிறப்பு அரிசியும் சேர்ந்து வரும். அரிசி லயத்துக்குள் வந்தால் மறியல் என்றார்கள். வராவிட்டால்? அதற்கும் மறியல். இரண்டிலும் நியாயம் இருந்தது. “ஏதாவது ஒரு தீருமானம் எடு” என்று சொல்லிவிட்டு மேனேஜர் கொச்சிக்குப் போய்விட்டார். மேனேஜர்களுக்குக் கொச்சியில் எப்போதும் ஒரு மீட்டிங் தயாராக இருக்கும்.

காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் கூட்டம் போட்டோம். மூன்று யூனியன் தலைவர்கள், பஞ்சாயத்து மெம்பர், ரேஷன் கடைக்காரர், சிஸ்டர், நான். சுற்றிலும் லயத்து ஜனம்.

நான் என் திட்டத்தைச் சொன்னேன். காட்டோரத்தில், தோட்டத்தின் அடிக் கோடியில், பழைய குழந்தைக் காப்பகம் பூட்டிக் கிடக்கிறது. அரிசியை அங்கே வைத்துவிடுவோம். பெரியவர் அரிசிக்குத்தான் வருகிறார். நேராக அங்கே போவார், சாப்பிடுவார், காட்டுக்குத் திரும்புவார். நாற்பது வீடும் நிம்மதியாகத் தூங்கும். காப்பகத்தை ஒட்டி ஒரே ஒரு வீடுதான் இருக்கிறது. அதற்கு ஆபத்து உண்டு. நாற்பதுக்கு ஒன்று.

“அது சொடலமுத்து வீடுல்லா?” என்றது ஒரு குரல்.

களத்தில் ஒரு மலர்ச்சி பரவியது. சுடலைமுத்து பாக்டரியில் அடுப்பெரிப்பவர். அவர் மனு போடாத ஆள் தோட்டத்தில் இல்லை. அடுத்தவர் கோழி தன் பாத்தியைக் கிளறியதற்கு மனு, பஜனை சத்தத்துக்கு மனு, பஜனை நின்றதற்கு மனு. என் விசில் சத்தத்தில் அவர் பசு பால் குறைத்துவிட்டதாக என்மேலும் ஒன்று உண்டு. அந்த வீட்டில் அவரும் மனைவியும் அந்தப் பசுவும்.

“ஆளை வேற வீட்டுக்கு மாத்திரலாமே?” என்றார் மெம்பர்.

“எந்த லயத்துல சேத்துக்கிடுவாக அவன?” என்றார் முதல் யூனியன். “காலியா இருக்க ஒரே வீட்டுக்குக் கூரை கிடையாது” என்றார் இரண்டாம் யூனியன். “யானை அவன் வீட்டைத் தொடும்னு என்ன நிச்சயம்? அவன் மனு போட்டுருவான்னு அதுக்கும் பயம் இருக்கும்லா!” என்றார் மூன்றாவது. சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மூன்று பேரும் கை தூக்கினார்கள்.

தம்பிகளே, தங்கைகளே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். என் பணிக்காலம் முழுவதிலும் மூன்று யூனியனும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனதை நான் பார்த்ததே இல்லை. தீபாவளி எந்த நாள் என்பதில்கூட ஒருவர் மாறுபடுவார். அன்று ஒத்துப்போனார்கள். நான் அதை என் திறமைக்குச் சான்று என்று நினைத்தேன். அதை எச்சரிக்கை மணியாக எடுத்திருக்க வேண்டும். எல்லோரும் ஒத்துப்போகிறார்கள் என்றால், கூப்பிடாமல் விட்ட ஆள் யார் என்று பாருங்கள்.

சிஸ்டர் அதைத்தான் கேட்டார். “சொடலமுத்து எங்க?”

மூன்று யூனியன் தலைவர்களும் மெம்பரைப் பார்த்தார்கள்.

“அவன் வீட்டைப் பத்திப் பேசுதோம். அவனைக் கூப்பிடலியே?”

“கூப்பிட்டா விடிய விடியப் பேசுவானே சிஸ்டர்” என்றார் மெம்பர். “உங்களுக்கு அவனைப் பிடிக்குமா, சொல்லுங்க?”

“பிடிக்காது. போன மாசம் என் மேலயே மனு போட்டான், மருந்து கசக்குன்னு. பிடிக்கணும்னு எனக்கு யாரும் கட்டளை போடல. நேசிக்கணும்னுதான் போட்டிருக்கு. அது வேற, இது வேற.” பிறகு என் பக்கம் திரும்பினார். “சார், ஒருத்தன் போனா எல்லாரும் பிழைக்கலாம்னு கணக்குச் சொன்ன பெரிய மனுசர் ஒருத்தர் எங்க வேதத்துலயும் உண்டு. ஏசுவைக் கொல்லச் சொன்ன ஆளு. அவருக்கு அங்க நல்ல பேரு கிடையாது.”

எனக்குச் சுருக்கென்றது. “நாப்பது ஊட்டுலயும் கொழந்தைங்க இருக்குதுங்களே சிஸ்டர்! நேத்துப் பொழச்சது அதிர்ஷ்டம். உங்களுக்கு வேற வழி தெரிஞ்சாச் சொல்லுங்க.”

“எனக்குத் தெரியாது.”

“பின்னென்னங்க?”

“இந்த வழி கூடாதுங்கது மட்டும் தெரியும். வேற வழி யோசிக்கத்தான் நீங்க தபால்ல படிச்சிருக்கிய.”

களம் மறுபடி சிரித்தது. இந்தத் தடவை என்னைப் பார்த்து. விட்டுக்கொடுக்க மனமில்லாமல், “யாரோ ஒருத்தர் ஊட்டுப் பக்கத்துல வெச்சுத்தானுங்களே ஆகோணும்?” என்றேன்.

“அப்போ உங்க குவார்ட்டர்ஸ்ல வைங்க. அதுவும் ஓரத்துலதான் நிக்குது. வீட்டம்மா சித்தூர்ல. நீங்க ஒத்த ஆளு. சொடலமுத்து வீட்டுல ரெண்டு உயிரு, மாட்டோட மூணு. உங்க கணக்குப்படியே லாபம்தானே?”

எண்பது கண்கள் என்று சொல்லலாம், அதற்கு மேலும் இருக்கலாம், என்மேல் விழுந்தன. நான் மனதுக்குள் கணக்கை மறுபடி போட்டேன். அவர் சொன்னது சரி. நாற்பதுக்கு ஒன்று அப்படியே இருந்தது, முன்பைவிட நன்றாகவே இருந்தது. ஆனால் அதுவரை என் புத்தியில் உதிக்காத பல நுட்பங்கள் அந்த நொடியில் உதித்தன: படித்தவனின் சமூகப் பயன், பீல்டு ஆபீசர் இல்லாவிட்டால் கொழுந்தின் தரம், என் புத்தக அலமாரியின் வருங்கால நன்மைகள். ஒவ்வொரு தலையும் ஒன்று என்று எண்ணும் தத்துவம், எண்ணுகிறவனின் தலை வந்ததும் எப்படித் திக்குகிறது என்பதை எந்தப் பாடமும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

“சாயங்காலம் சொல்றேனுங்க” என்று எழுந்தேன். சிஸ்டர் விடவில்லை. “முதல்ல அவன்ட்ட போய்ச் சொல்லுங்க. மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடிஞ்சா, அப்புறம் நான் பேசல.”

போனேன். சுடலைமுத்து பசுவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். சேதி எனக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தது.

“வாங்க ஏனுங்க சார். யானைக்கு விருந்து எங்க வீட்டுலயாமே?”

“அப்படியில்லீங்க... ஒரு யோசனைதானுங்க.”

“யோசனைக்கு என்னைக் கூப்பிடலியே. எனக்குக் காது கேக்காதுன்னு யாரும் சொன்னானா? இங்க பாருங்க. நான் சண்டைக்காரன். ஒத்துக்கிடுதேன். அதுக்காக என்னை இரையா வப்பீகளோ?”

அவர் மனைவி வாசலில் நின்று, “சார், போன வருசம்தான் இந்தச் சுவரைப் பூசினோம்” என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. தயாரித்துக்கொண்டு போன வாக்கியம், “நாற்பது வீட்டு நன்மையைக் கருதி” என்று தொடங்குவது, சொல்லப்படாமலே போயிற்று. “இங்க வெக்கலைங்க” என்று மட்டும் சொன்னேன். சொன்ன பிறகுதான் நான் முடிவு எடுத்துவிட்டது எனக்கே தெரிந்தது. வேறு வழி என்ன என்பது மட்டும் தெரியவில்லை.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையில் உங்களுக்குப் பிரயோஜனமான ஒரே பகுதி. அதுவரை என் புத்தி இரண்டு கட்டங்களுக்குள் நின்றுகொண்டிருந்தது: நாற்பது வீடு, அல்லது ஒரு வீடு. கணக்கு சட்டென்று விடை சொல்லிவிட்டதால் யோசனையும் அங்கேயே நின்றுவிட்டது. அந்த ஒரு வீட்டுக் கதவை இனித் திறக்கவே கூடாது என்று சாத்திய பிறகுதான், சுவரில் வேறு எங்கே கதவு இருக்கிறது என்று கை தடவ ஆரம்பித்தது.

திரும்பி வரும் வழியில், ரோட்டோரம் ஜீப்புகள் நின்றன. பக்கத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போடிப் பக்கத்திலிருந்து காலையில் ஆள் கொண்டுவந்து, சாயங்காலம் திரும்பக் கொண்டுபோகும் ஜீப்புகள். பகலெல்லாம் சும்மா நிற்கும். டிரைவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ வருடமாகப் பார்க்கிற காட்சி. அன்றுதான் கண்ணில் பட்டது.

யானை வருவது அரிசிக்கு அல்ல, தங்கியிருக்கும் அரிசிக்கு. மூட்டை மூட்டையாக ஓரிடத்தில் கிடந்து வாசனை வீசும் அரிசிக்கு. அப்படியானால் அது தோட்டத்தில் ஏன் தங்க வேண்டும்? பூப்பாறை பஜாரின் கான்கிரீட் கிடங்கிலேயே இறக்கிவிட்டு, பகலில் சும்மா நிற்கும் ஜீப்புகளில் கொண்டுவந்து, கொழுந்து நிறுக்கும் நேரத்தில் எல்லோரும் ஒன்றாக நிற்கும் கொட்டகையிலேயே அளந்து கொடுத்துவிட்டால்? மாதத்துக்கு ஒரு தடவை அல்ல, வாரம் கொஞ்சம் கொஞ்சமாக. வீட்டில் மூடி போட்ட தகர டின்னில் அடங்குகிற அளவு.

சீட்டுக்கட்டைக் கீழே வைக்காமல் பாண்டி என்ற டிரைவர் கேட்டார்: “டீசல் யார் போடுவா?”

“தோட்டம் போடுமுங்க.”

“பெரியவர் வழியில மறிச்சா?”

“பகல்ல மறிச்சதில்லீங்களே.”

“மறிச்சா நீங்கதான் முன்சீட்டுல இருக்கணும். சம்மதமா?”

முன்சீட்டு. என்னுடைய தலையைக் கணக்கில் சேர்க்கும் வாய்ப்பு சீக்கிரமே வந்துவிட்டது. சம்மதம் என்றேன். குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது.

பிறகு நடந்ததெல்லாம் என் ராஜ்ஜியம். எந்த ஜீப்பில் எவ்வளவு, எந்த வளைவில் கனம் தாங்கும், எந்த லயத்துக்கு முதலில், மஞ்சு என்னும் மூடுபனி இறங்குவதற்குள் கடைசி ட்ரிப் எப்போது கிளம்ப வேண்டும்: கூட்டல் கழித்தல் முழுக்க நான்தான். கைரேகை பதியும் ரேஷன் மெஷினுக்கு சிக்னல் வேண்டும். மேட்டிலிருக்கும் நிறுக்கும் கொட்டகையில் சிக்னல் கிடைத்தது. சப்ளை ஆபீஸில் போனில் கெஞ்சினேன். “ஓணமல்லே, தாத்காலிகமாயிட்டு செய்தோளூ. பிரஷ்னம் வந்நால் ஞான் அறிஞ்ஞிட்டில்லா, கேட்டோ” என்றார் அங்கிருந்த அதிகாரி. அதாவது, தற்காலிகமாகச் செய்துகொள்ளுங்கள், பிரச்னை வந்தால் எனக்கு ஒன்றும் தெரியாது. அரசாங்கத்திடம் கிடைக்கக்கூடிய ஆசிகளில் இதைவிட மேலானது கிடையாது.

சிஸ்டர் பாகுபாடில்லாமல் எல்லோருக்கும் இரக்கப்படுகிறவர். மேட்டு லயத்தில் படுக்கையில் கிடக்கும் ஒரு அம்மாளின் கைரேகைக்காக முழு வரிசையையும் நிறுத்திவைக்கப் பார்த்தார். “சிஸ்டர், மஞ்சு இறங்கினா ஜீப்பே திரும்பாதுங்க. அந்தம்மாளுக்குக் கடைசி ட்ரிப்புல நானே மெஷினைத் தூக்கிட்டு வாறேனுங்க” என்றேன். ஒரு நொடி முறைத்துவிட்டு வழிவிட்டார். “கூடாதுன்னு சொல்ல எனக்குத் தெரியும் சார். எப்படின்னு உங்களுக்குத்தான் தெரியும்” என்றார். எங்கள் வாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் புள்ளி அது. இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மறுநாள் வெயிலும் மஞ்சும் மாறி மாறி வந்த முற்பகலில் பாதி விநியோகம் முடிந்திருந்தது. கொழுந்து பறித்துப் பறித்து ரேகை தேய்ந்த கட்டைவிரல்களைப் பெண்கள் சேலையில் துடைத்துத் துடைத்து மெஷினில் வைத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது கீழே ஒரு சத்தம். பட்டப்பகலில் பெரியவர் வந்துவிட்டார்.

மேட்டிலிருந்து எல்லோரும் பார்த்தோம். லயத்தில் ஆள் இல்லை. அத்தனை பேரும் கொட்டகையில். பெரியவர் நேராக ரேஷன் கடைக்குப் போனார். கதவைத் திறந்தே வைத்திருந்தோம். துதிக்கையை உள்ளே விட்டார். துழாவினார். வெளியே எடுத்தார். மறுபடி விட்டார். ஓணத்துக்கு வந்த விருந்தாளிக்கு வீடு பூட்டியிருந்தால்கூடக் கௌரவம். திறந்திருந்து சோறு இல்லை என்றால் என்ன செய்வது? கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மெதுவாக இறங்கிப் பழைய காப்பகத்தின் பக்கம் நடந்தார்.

 சுடலைமுத்துவின் மனைவி சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். சுடலைமுத்து ஒன்றும் சொல்லவில்லை. தோட்டத்து வரலாற்றில் அது முதல் தடவை. பெரியவர் காப்பகத்தை ஒரு சுற்று வந்தார். சுடலைமுத்து வீட்டு முன்னால் நின்று, புதிதாகப் பூசிய சுவரைத் துதிக்கையால் தொட்டுப் பார்த்தார். என் திட்டப்படி நடந்திருந்தால் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் ஓணத்து அரிசி முழுவதும் அடுக்கியிருக்கும். நான் அதை நினைத்தேன். சிஸ்டர் என்னைப் பார்க்காமல் இருந்தார். அது பெரிய தயவு.

பெரியவர் திரும்பினார். காதை ஒருமுறை விசிறிவிட்டுக் காட்டுக்குள் இறங்கிப்போனார்.

அப்போது எழுந்த கூச்சல் பூப்பாறைவரை கேட்டிருக்கும். பெண்கள் குலவை போட்டார்கள். மூன்று யூனியனும் மூன்று தனித்தனி முழக்கம் போட்டன. தோட்டம் இயல்புநிலைக்குத் திரும்பிவிட்டது என்று எனக்கு நிம்மதி. பாண்டி ஜீப்பின் ஹாரனை விடாமல் அமுக்கினார். யாரோ என்னைத் தோளில் தூக்கப் பார்த்து, எடையை உணர்ந்து, மரியாதையாக இறக்கிவிட்டார்கள்.

கூச்சல் அடங்கிய பிறகு சிஸ்டரிடம் கேட்டேன். எனக்கு நியாயம் தெரிந்தாக வேண்டும். “ஜீப்பு இல்லைன்னு வெச்சுக்குங்க. வேற வழியே இல்லை. அப்ப என்ன பண்ணியிருப்பீங்க?”

“அப்போ நாம எல்லாரும் போய் அவன் வீட்டுத் திண்ணையில படுத்திருப்போம் சார். தீப்பந்தம் வச்சிட்டு. நாப்பது வீட்டு ஆளும். அவனை மட்டும் அங்க விட்டுட்டு நாம தூங்கக்கூடாது, அவ்வளவுதான்.”

இதில் கணக்கு உதைக்கிறது. ஒரு வீட்டுக்கு வரவிருந்த ஆபத்தை எல்லோரும் போய்ப் பகிர்ந்துகொள்வதில் மொத்தம் குறைகிறதா, கூடுகிறதா என்று நான் பலமுறை போட்டுப் பார்த்துவிட்டேன். விடை ஒவ்வொரு தடவையும் மாறுகிறது. ஆனால் என் கணக்குப்படி நடக்கும் தோட்டத்திலா, சிஸ்டர் சொன்னபடி நடக்கும் தோட்டத்திலா வேலை பார்ப்பீர்கள் என்று கேட்டால் என் விடை மாறுவதில்லை, சிஸ்டரின் தோட்டம்தான். ஆகவே நான் கண்ட நடைமுறை இது. எந்தெந்த வழிகள் கூடாது என்பதை சிஸ்டர் மாதிரி ஆட்களிடம் கேட்டு முதலில் சாத்திக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் வழிகளில் எது சிறந்தது என்பதற்குத் தாராளமாகக் கணக்குப் போடுங்கள். வரிசையை மாற்றினால் இரண்டுமே கெட்டுவிடும்.

தாத்காலிகம் என்று தொடங்கியதை நிரந்தரமாக்க அடுத்த மாதம் மறுபடி பிரட்டுக் களத்தில் கூட்டம் போட்டோம். இந்தத் தடவை சுடலைமுத்துவை நானே வீட்டுக்குப் போய் அழைத்து வந்தேன். முன்வரிசையில் உட்கார்ந்தார். ஜீப் அரிசியில் டீசல் வாடை என்றார். எடை குறைகிறது என்றார். வரிசையில் தன்னைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள் என்றார். மெம்பர் கடிகாரத்தைப் பார்த்தார். யாரும் எழுந்து போகவில்லை. கடைசியில் கை தூக்கச் சொன்னோம். களம் முழுக்கத் திட்டத்துக்கு ஆதரவாகக் கை தூக்கியது. தன் வீட்டைக் காப்பாற்றிய திட்டத்தை எதிர்த்துச் சுடலைமுத்து மட்டும் கை தூக்கினார், தோளிலிருந்து நேராக மேலே நீட்டி, கம்பீரமாக.

சிஸ்டர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நான் எழுந்து நின்று, களத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உரக்க அறிவித்தேன்: “எதிர்ப்பு, ஒண்ணுங்க!”

சுடலைமுத்து திருப்தியாகக் கையை இறக்கினார்.